உப்பு மாத்திரைன்னு தான சொன்ன

கியரு! டேய் கியரு! உயிரோட இருந்தப்ப இப்படி கூப்ட்டா மண்டையில நங்குன்னு கொட்டுவ. "அண்ணான்னு கூப்புடு கழுத"ம்ப. இப்ப வந்து கொட்டு, பாக்கறேன்.

எங்க தெருவுல மொத மொத கியர் வச்ச சைக்கிள் ஓட்டினது எங்கண்ணன் தான். அதுல இருந்து அவன் பேரு கியரு. அம்மா வச்ச பேரு ரேஷன் கார்டுல மட்டும் தான் இருந்துச்சு. அவன் செத்து ஆறு மாசம் ஆவப் போவுது. நான் அழுது முடிச்சிட்டேன். இப்ப இருக்கறது கோவம். செத்துட்டானேன்னு கோவம் இல்ல. என் கிட்ட பொய் சொல்லி, என் கையாலயே அந்த மாத்திரைய வாங்கி முழுங்கினானே, அந்தக் கோவம்.

எங்கம்மா தெனமும் காலைல தண்ணி புடிக்கும் போது சொல்லும். "எம் புள்ளைக்கு ரேஸ்ல எவனோ மாத்திர குடுத்துட்டான். குடுத்த கை புழுத்துப் போவ." நான் பக்கத்துல கொடத்த புடிச்சிக்கினு நிப்பேன். அந்தக் கை இந்தக் கை தான்னு அம்மாவுக்குத் தெரியாது. சொல்றதா, அப்படியே வுட்டுடறதா? இத்தினி மாசமா எனக்குள்ள ஓடினது இது ஒண்ணு தான்.

மொதல்ல இருந்து சொல்றேன்.

நான் எட்டாவது வரைக்கும் தான் படிச்சேன். தமிழ் படிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷ்ல எழுத்து எல்லாம் தெரியும், கூட்டி கூட்டி ஒரு வார்த்த சொல்லிடுவேன். வரி வரியா எழுதி இருந்தா ஒண்ணும் புரியாது. ஆம்பூர் பக்கத்துல ஷூ கம்பெனில வேல. ஷூவோட மேல் பாகத்த அப்பர்னு சொல்வோம், அத்த தைக்கற செக்‌ஷன்ல இருக்கறேன். காலைல கம்பெனி பஸ்ல ஏறினா சாயங்காலம் எறக்கி வுடுவாங்க. வூட்டுல அம்மா, அண்ணன், நான், மூணு பேரு தான். அப்பா நாங்க சின்னதா இருக்கும் போதே போய்ட்டாரு.

அண்ணன் பத்தாவது முடிச்சவன். காட்பாடியில ஒரு பாயோட சைக்கிள் கடையில மெக்கானிக்கு. அங்க பெரிய காலேஜ் இருக்குதுல்ல, வெளியூர் பசங்க நல்ல நல்ல சைக்கிளா வச்சிருப்பாங்க. படிப்பு முடிச்சி ஊருக்குப் போற பையன் ஒருத்தன், மலைல ஓட்டற சைக்கிள பாய் கிட்ட வுட்டுட்டுப் போய்ட்டான். முன்னாடி சஸ்பென்ஷன், ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு, கட்டை கட்டையா டயரு. ரொம்ப நாளா கடையில தூசி புடிச்சி நின்னுச்சு. "நின்னா துரு புடிக்கும், நீயே ஓட்டுடா"ன்னு பாய் சொல்லிட்டாரு.

அன்னிக்குப் புடிச்ச பைத்தியம். ஞாயித்துக்கெழம ஆனா கணியம்பாடி தாண்டி அமிர்தி காட்டுப் பக்கம் போயிடுவான். சாயங்காலம் வருவான், மூஞ்சி எல்லாம் செம்மண்ணு, பல்லு மட்டும் வெள்ளையா தெரியும். அப்புறம் ரேஸுன்னு ஆரம்பிச்சான். சும்மா பத்து நிமிஷம் ஓட்டற ரேஸ் இல்ல. ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், காட்டுக்குள்ள ஒரே பாதையில சுத்திக்கினே இருக்கணும். யாரு ஜாஸ்தி ரவுண்டு சுத்தறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க.

டியூபே இல்லாம டயரு ஓடும்னு அவன் சொல்லித் தான் எனக்குத் தெரியும். உள்ள பால் மாதிரி ஒண்ணு ஊத்துவான். முள்ளு குத்தினா அந்தப் பாலு ஓட்டைக்குப் போயி தானா அடச்சிக்குமாம். அம்மா பாத்துட்டு சொல்லுச்சு, "அத்த உன் சட்டைக்கும் கொஞ்சம் ஊத்துடா, வாரா வாரம் கிழிச்சிக்கினு வர்ற."

எனக்கும் வேல வச்சான்.

"பாப்பா, சைக்கிள் ஃப்ரேம் நடுவுல மாட்டற மாதிரி ஒரு பை தைச்சிக் குடு. வாங்கினது எல்லாம் குலுங்கி குலுங்கி ஜிப்பு புட்டுக்குது."

கம்பெனியில லைனிங் துணி வேஸ்ட் பீஸு மூலையில கெடக்கும். சூப்பர்வைசர் கிட்ட கேட்டேன்.

"இன்னாத்துக்கும்மா?"

"எங்கண்ணன் ரேஸ் ஓட்டறான் சார்."

"உங்கண்ணன் இன்னா, வெளிநாட்டுக்கா போறான்?"

"ஓசூர் வரைக்கும் போறான் சார். எடுத்துக்கட்டா வேணாவா?"

மொத பை சரியா வரல. ஓரம் தடியா இருந்துச்சு. மிதிக்க மிதிக்க உள் தொடை உரசி தோலு வழண்டு வந்தான். அம்மா தேங்காண்ண தடவிக்கினே என்ன மொறச்சிது. ரெண்டாவது பைக்கு ஓரத்த சீவி மெலிசாக்கி, உள்ள மடிச்சி தைச்சேன். ஷூவுல கணுக்கால் படற எடத்துல அப்படித் தான் பண்ணுவோம். அந்தப் பை அப்புறம் பிரியவே இல்ல. கையுறைக்கு உள்ளங்கையில ஆட்டுத் தோலு வச்சி தைச்சிக் குடுத்தேன். அவன் கூட ஓட்டற பசங்க, கம்ப்யூட்டர் கம்பெனி பசங்க, "எங்க ப்ரோ வாங்கின"ன்னு கேட்டாங்களாம். "எங்க வூட்லயே ஃபேக்டரி இருக்குது"ன்னு சொன்னானாம். அத்த வந்து என் கிட்ட சொல்லும் போது எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா.

அப்புறம் தான் அந்தப் பேப்பர் வந்துச்சு.

ஒரு நாள் வேலைல இருந்து வர்றேன், சமையல் பண்ற எடத்துல அலமாரிக் கதவுல ஒரு பேப்பர ஒட்டிக்கினு இருக்கறான். முழுக்க இங்கிலீஷு. மேல ரெண்டு வெரல் அகலத்துக்கு வெட்டி எடுத்திருந்தான். நேரா, கோடு போட்ட மாதிரி வெட்டு. தோலு கட்டிங் பண்றவங்க தோத்துடுவாங்க.

"இன்னாண்ணா இது?"

"டயட்டு. பெங்களூர்ல ஒரு கோச்சு குடுத்தாரு. நான் படிச்சி சொல்றேன், நீ மனசுல வச்சிக்க."

"மேல ஏன் வெட்டி இருக்குது?"

"அது அவரு வெளம்பரம். நமக்கு எதுக்கு?"

ஒவ்வொரு வரியா வெரல் வச்சி படிச்சான். உப்பு கம்மி. ஊறுகா, கருவாடு, அப்பளம் வேணாம். வாழப்பழம் வேணாம், எளநீ வேணாம், தக்காளி, கீரை, பேரிச்சம்பழம் வேணாம். பருப்பு கம்மி. காய நறுக்கி தண்ணில ஊற வச்சி, அப்புறம் நெறய தண்ணில வேக வச்சி, அந்தத் தண்ணிய கீழ ஊத்திடணும்.

"ஏண்ணா, சத்து எல்லாம் தண்ணியோட போயிடுமே?"

"போவணும் பாப்பா. மலை ஏறணும்ல, ஒடம்பு லேசா இருக்கணும்."

நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? சைக்கிள பத்தி அவன் சொன்னது எதுவும் அது வரைக்கும் பொய் ஆனதில்ல. டியூப் இல்லாம டயரு ஓடும்னான், ஓடிச்சு.

அம்மாவுக்கும் எனக்கும் தெனம் சண்ட. "தக்காளி இல்லாம இன்னா ரசம் வெக்கறது? உப்பு இல்லாம எம் புள்ள எப்படித் தின்னுவான்?" நான் கத்துவேன், "உனக்கு ஒண்ணும் தெரியாது, அது ரேஸ் டயட்டு." தனி சட்டி வச்சேன் அவனுக்கு. காலைல பஸ்ஸுக்கு முன்னாடி எழுந்து காய வேக வச்சி, தண்ணிய வடிச்சி ஊத்திட்டு, ரெண்டாவது தடவ வேக வச்சி தாளிச்சி வச்சிட்டுப் போவேன். கம்பெனியில என் பக்கத்து மிஷின் அக்கா கிண்டல் பண்ணும். "உங்கண்ணன் சைக்கிள் ஓட்டறானா, இல்ல மாசமா இருக்கறானா? இவ்ளோ பத்தியம்!" நான் அதுக்கும் மொறப்பேன்.

ஓட்டும் போதே சாப்புடறதுக்கு நானே ஒண்ணு கண்டுபுடிச்சேன். எல்லாரும் வாழப்பழம் தான் தின்னுவாங்க, அது தான் ஆவாதே. சாதத்த கொழைய வடிச்சி, வெண்ணெ, சக்கர போட்டு, எலுமிச்ச அளவு உருட்டி, மெழுகு பேப்பர்ல சுத்துவேன். ஒரு கையி ஹேண்டில்ல இருக்கும், ஒரு கையாலயும் பல்லாலயும் தான் பிரிக்க முடியும். அதனால நான் ஒரு கைய முதுகு பின்னாடி வச்சிக்கினு, பல்லால பிரிச்சிப் பிரிச்சிப் பாப்பேன், எந்தப் பக்கம் முறுக்கினா லேசா தொறக்குதுன்னு. அவன் சிரிப்பான். "நீ தான்டி என் டீமு"ம்பான்.

அந்தக் கடைசி ரேஸுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம பாய் வூட்டுக்கு வந்தாரு. சைக்கிளுக்கு புது செயின் மாட்டி அவரே கொண்டு வந்தாரு. டீ குடுத்தேன். டீய குடிச்சிக்கினே அலமாரிக் கதவு கிட்ட போனாரு. அந்தப் பேப்பர மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாரு. பாய்க்கு இங்கிலீஷ் நல்லா வரும். படிச்சிட்டு அண்ணன பாத்தாரு. அண்ணன் டம்ளருக்குள்ள பாத்துக்கினு இருந்தான்.

"யாரும்மா இப்படி சமைக்கறது?"

"நான் தான் பாய். கோச் குடுத்தது. ஒண்ணு வுடாம செய்யறேன்."

"செய்யிம்மா," அப்படின்னாரு. "ஒண்ணு கூட வுடாத."

அவ்ளோ தான் சொன்னாரு.

ரேஸு ஓசூர் தாண்டி ஒரு தைல மரத் தோப்புல. பாயோட குட்டி வண்டில சைக்கிள படுக்க வச்சி, நாட்றம்பள்ளி வழியா ஹைவேஸ்ல போனோம். நான் அவ்ளோ தூரம் வண்டில போனதே அது தான் மொத தடவ. விடியும் போது போய்ச் சேந்தோம். வரிசையா டேபிளு போட்டு வச்சிருந்தாங்க, ஒவ்வொரு சைக்கிள்காரனுக்கும் ஒரு ஆளு நின்னு தண்ணி, சாப்பாடு நீட்டணும். என் டேபிள நான் ஜோடிச்சேன். தண்ணி பாட்டில் எல்லாத்துக்கும் கழுத்துல நூலு கட்டி இருந்தேன். செவப்பு நூலு சக்கரத் தண்ணி, நீல நூலு வெறுந்தண்ணி. அவன் தூரத்துல வரும் போதே கலர் பேரு கத்துவான், நான் எடுத்து நீட்டணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவ என் கையில வச்சான். உள்ள வெள்ள மாத்திர. அட்டையில இருந்து பிரிச்சி போட்டிருந்தான்.

"இது உப்பு மாத்திர. மூணு ரவுண்டுக்கு ஒண்ணு குடு. நான் கேட்டா நடுவுலயும் குடு."

"உப்பு தான் உனக்கு கூடாதே?"

"மத்த நாள் கம்மி, ரேஸ் அன்னிக்கு ஜாஸ்தி. வேர்வையில போவுதுல்ல. அதான் பாப்பா கணக்கு."

கேக்கறதுக்கு எவ்ளோ சரியா இருக்குது பாருங்க.

பக்கத்து டேபிள்ல பெங்களூர் அக்கா ஒண்ணு, வூட்டுக்காரருக்காக நின்னுச்சு. கூடை முழுக்க வாழப்பழம். "உங்க கிட்ட வாழப்பழம் இல்லையா, எடுத்துக்கோங்க"ன்னு ரெண்டு நீட்டுச்சு. நான் வேணாம்னேன். "எங்கண்ணன் டயட்டு வேற." அந்த அக்கா என் அரிசி உருண்டைய பாத்து, எப்படி செய்யறதுன்னு கேட்டு போன்ல எழுதிக்கிச்சு. காய வேக வச்சி தண்ணிய ஊத்தறதையும் சொல்லிக் குடுத்தேன். அந்த அக்கா ஒரு மாதிரி பாத்துச்சு. "அப்படியா, புதுசா இருக்கே"ன்னுச்சு. எனக்கு தலகாலு புரியல, பெங்களூர்காரிக்கே நாம சொல்லித் தர்றோமேன்னு.

மூணு ரவுண்டு வரைக்கும் நல்லா தான் வந்தான். மாத்திர குடுத்தேன், முழுங்கினான், போய்ட்டான். அஞ்சாவது ரவுண்டுல எறங்கினான். இடுப்புக்கு மேல முதுக புடிச்சிக்கினான். "மாத்திர குடு"ன்னான். குடுத்தேன். "இன்னொண்ணு." அதையும் குடுத்தேன். வெயிலு ஏறிடுச்சு. தைல மரத்துக்கு ஏது நெழலு. அடுத்த ரவுண்டு வரும் போது ஒதடு எல்லாம் வெடிச்சி இருந்துச்சு. தண்ணிய பாதி குடிச்சிட்டு திருப்பிக் குடுத்துட்டான். பாய் கிட்ட வந்து, "போதும்டா, எறங்கு"ன்னாரு. "ரெண்டே ரவுண்டு பாய்"ன்னு போய்ட்டான். பாய் என்னையும் பாத்தாரு. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் போயி வண்டில உக்காந்துட்டாரு.

மொத்தம் அஞ்சு மாத்திர. என் கையால.

எட்டு மணி நேரம் முடிச்சான். ஜெயிக்கல, ஆனா முடிச்சான். கழுத்துல ஒரு மெடல் போட்டாங்க. மெடலோட மரத்துக்குப் பின்னாடி போயி வாந்தி எடுத்தான். ஒண்ணுக்குப் போயிட்டு வந்தவன் மூஞ்சி வெளுத்து இருந்துச்சு. "இன்னாண்ணா?"ன்னேன். "ஒண்ணும் இல்ல, களைப்பு"ன்னான். வழியெல்லாம் என் தோள்ல சாஞ்சி தூங்கினான்.

ரெண்டு நாள்ல காலு வீங்கிச்சு. மூணாவது நாள் மூஞ்சி வீங்கிச்சு. ஒண்ணுக்கே வரலன்னான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனோம். பேரு சொன்ன ஒடனே அங்க கம்ப்யூட்டர்ல அவனோட பழைய சீட்டு எல்லாம் வந்துச்சு. நான் நெனச்சேன், வேற யாரோ அதே பேர்ல இருக்கறாங்கன்னு.

உள்ள சேத்துட்டாங்க. மறுநாள் சாப்பாடு பத்தி சொல்ற ஒரு சிஸ்டர் என்ன கூப்ட்டு உக்கார வச்சாங்க. வூட்ல இன்னா சாப்புட்டாருன்னு கேட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். உப்பு கம்மி, பருப்பு கம்மி, வாழப்பழம் கெடையாது, எளநீ கெடையாது, காய ரெண்டு தடவ வேக வெக்கறேன், தண்ணிய ஊத்திடறேன்.

அந்த சிஸ்டர் பேனாவ வச்சிட்டு என்ன பாத்தாங்க. "ரொம்ப நல்லா பாத்துக்கினு இருக்கீங்கம்மா. இவ்ளோ சரியா யாருமே செய்ய மாட்டாங்க. கிட்னி பேஷண்டு வூட்ல பாதி பேரு இந்தத் தண்ணி ஊத்தறதையே செய்ய மாட்டாங்க."

"கிட்னி பேஷண்டா?"

"ஆமா. இந்த டயட்டு நான் தான குடுத்தேன் அவருக்கு. போன வருஷம்."

அவங்க ஒரு பேப்பர் எடுத்துக் குடுத்தாங்க. தமிழ்ல இருந்துச்சு. அதே வரி எல்லாம். வாழப்பழம், எளநீ, தக்காளி. காய் வேக வெக்கறது. எங்க வூட்டு அலமாரியில வெட்டி எடுத்திருந்த எடத்துல, இதுல பெரிய எழுத்துல போட்டிருந்துச்சு: சிறுநீரக நோயாளிகளுக்கான உணவு முறை.

"தமிழ்லயே இருக்குதா சிஸ்டர்?"

"இருக்குதே. அவரு தான் இங்கிலீஷ் போதும்னாரு. வூட்ல சமைக்கறவங்களுக்கு புரியுமான்னு ரெண்டு தடவ கேட்டேன். புரியும்னாரு."

என்னால அந்த நிமிஷத்த மறக்க முடியல. ஊர்ல எத்தினியோ பேரு எத்தினியோ தடவ சொல்லி இருக்கறாங்க, படிக்காதவ, படிக்காதவன்னு. எனக்கு உறைச்சதே இல்ல. அவன் ஒரு வார்த்தை அப்படி சொன்னதில்ல. ஆனா அவன் அத்த எடை போட்டு வச்சிருந்தான். எனக்கு எது தெரியாதோ, அதுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கினான்.

அப்புறம் சிஸ்டர் கேட்டாங்க, "எல்லாம் சரியா இருக்கும் போது, ரேஸ்ல வலி மாத்திர போட்டேன்னு சேக்கும் போது டாக்டர் கிட்ட சொன்னாராமே, அது மட்டும் ஏம்மா? டாக்டர் அத்த தொடவே கூடாதுன்னு சொல்லி இருந்தாரே. தண்ணி கம்மியா, வெயில்ல, அந்த மாத்திரையும் போட்டா கிட்னி தாங்குமா? யாரு குடுத்தது?"

என் ஹேண்ட்பேக்ல அந்த டப்பா இருந்துச்சு. உள்ள மிச்சம் மூணு மாத்திர. எடுத்து டேபிள் மேல வச்சேன். சிஸ்டர் ஒண்ண எடுத்து, அது மேல பொறிச்சிருந்த எழுத்த பாத்தாங்க. திருப்பிப் போட்டு டப்பாவ மூடி வச்சாங்க.

ரத்தம் சுத்தம் பண்ற மிஷின் போட்டாங்க. ரெண்டாவது தடவ போட்டதுக்கு அப்புறம் அவனால பேச முடிஞ்சுது. அம்மா வெளிய டீ வாங்கப் போயிருந்துச்சு. நான் பக்கத்துல போனேன்.

"அது இன்னா மாத்திரண்ணா?"

கண்ண மூடிக்கினான்.

"தெரிஞ்சிடுச்சு. சும்மா நடிக்காத."

"சொன்னா நீ குடுத்திருக்க மாட்ட."

"அப்ப நீயே வச்சிக்கினு முழுங்க வேண்டியது தான? என் கையில ஏன் குடுத்த?"

அவன் சொன்ன பதில் இது தான். பெருசா எதுவும் இல்ல. "ஓட்டிக்கினே டப்பா தொறக்க வராது, சட்டப் பாக்கெட்ல உதிரியா வச்சா வேர்வையில கரைஞ்சிடும் பாப்பா."

அவ்ளோ தான். அதுக்குத் தான். நான் ஏதோ பெரிய காரணம் இருக்கும்னு நெனச்சேன். என் மேல நம்பிக்கை, பாசம், ஏதாவது. கரைஞ்சிடுமாம்.

"அம்மா கிட்ட சொல்லாத"ன்னான். "சைக்கிள வாங்கி வித்துடும். அடுத்த வருஷம் ஆறு மணி நேரம் மட்டும் ஓட்டறேன்." மூக்குல டியூபு, கையில டியூபு, அடுத்த வருஷம் ஓட்டறானாம். நான் எழுந்து வெளிய வந்துட்டேன். அவன் கிட்ட நான் கடைசியா பேசினது அந்த சண்டை தான். அதுக்கு அடுத்த நாள் மூச்சு திணறி போய்ட்டான். நான் தண்ணி குடிக்கக் கூட குடுக்கல.

காரியம் முடிஞ்சி கூட்டம் கொறஞ்சப்ப பாய புடிச்சிக்கினேன். வாசல்ல செருப்பு மாட்டிக்கினு இருந்தாரு.

"பாய், அந்தப் பேப்பர நீங்க படிச்சீங்க."

செருப்ப மாட்டறத வுட்டுட்டாரு.

"படிச்சீங்களா இல்லையா?"

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்மா. கடையில ஒரு தடவ மயக்கம் போட்டு விழுந்தான். நான் தான் ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போனேன். யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் கிட்ட வார்த்தை வாங்கிக்கினான்."

"வார்த்தை தான் முக்கியமா? எங்க வூட்டு சமையல் ரூம்ல நின்னு, எங்க வூட்டு டீய குடிச்சிக்கினு..."

"நீ அவ்ளோ சரியா சமைச்சிப் போடற. அதனால அவன் நல்லா இருப்பான்னு நெனச்சிட்டேன்மா. மாத்திர விஷயம் எனக்கு அல்லா சத்தியமா தெரியாது."

அவரு அழுதாரு. பெரிய மனுஷன், தாடி நனைய அழுதாரு. எனக்கு எரக்கம் வரல. படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு வருஷம் தெனம் ரெண்டு தடவ அந்தப் பேப்பர் முன்னாடி நின்னவ நான். அதுல என்ன எழுதி இருந்துச்சுன்னு தெரியாதவளும் நான் தான்.

டாக்டர் கிட்டயும் போயி கேட்டேன். "அந்த மாத்திரையால தான் செத்தானா சார்?" அவரு ரொம்ப நேரம் பொறுமையா சொன்னாரு. கிட்னி முன்னாடியே பாதிக்கு மேல போயிருந்துச்சாம். மாத்திர ஒரு பக்கம், வெயிலு, தண்ணி இல்லாதது, ஓட்டி ஓட்டி சதை கெட்டு ரத்தத்துல கலந்தது, எல்லாம் சேந்து தான்னாரு. "உங்க மேல தப்பில்லம்மா"ன்னாரு. நல்ல மனுஷன். ஆனா அந்த மாத்திரை எதுவும் பண்ணலன்னு மட்டும் அவரு சொல்லல.

போன வாரம் கொழாயடில எப்பவும் போல அம்மா ஆரம்பிச்சிது. "குடுத்த கை..." அன்னிக்கு முழுசா சொல்ல வுடல நானு.

"நான் தாம்மா குடுத்தேன்."

கொடம் நெறஞ்சி வழியுது. அம்மா கொழாய மூடல.

"உப்பு மாத்திரன்னு சொன்னான். எனக்கு படிக்கத் தெரியல. அஞ்சு குடுத்தேன்." பேப்பர், டயட்டு, சிஸ்டரு, எல்லாத்தையும் கொழாயடியிலயே நின்னுக்கினு சொன்னேன். பின்னாடி வரிசைல நின்ன பொம்பளைங்க எல்லாம் கேட்டுக்கினு இருந்தாங்க.

அம்மா என்ன அடிக்கும்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். என் வலது கைய புடிச்சி, திருப்பி, உள்ளங்கைய பாத்துச்சு. ஊசி குத்தின தழும்பு எல்லாம் இருக்கும் அதுல. அப்புறம் தன் பொடவை முந்தானையால அந்தக் கைய தொடச்சிது. "தெனம் காலைல வாய வச்சேனே"ன்னு தனக்குள்ளயே சொல்லிக்கினுச்சு. கொடத்த எடுத்துக்கினு போயிடுச்சு. அன்னில இருந்து அம்மா யாரையும் சபிக்கறதில்ல. நான் சமைச்சா சாப்புடுது. ஆனா அவன பத்தி பேச மாட்டேங்குது. பேசினா என் பேரும் சேந்து வருமேன்னு பயப்புடுதோ என்னமோ.

நேத்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அவனுக்காக நீ சாமி கிட்ட ஒரு வார்த்தை கேளுடி. கூடப் பொறந்தவ கேட்டா சாமி கேக்கும்."

போயி நின்னேன். கைய கூப்பினேன். "அவன நல்லபடியா வச்சிக்க"ன்னு சொல்ல வாய தொறந்தா, "ஏன்டா அப்படி பண்ண"ன்னு தான் வருது. சாமி கிட்ட நிக்கறேனா, அவன் கிட்ட சண்டைக்கு நிக்கறேனான்னு எனக்கே தெரியல. மூணு தடவ வேண்டிப் பாத்தேன், மூணு தடவையும் அது தான் வந்துச்சு. பொய்யா வேண்ட எனக்கு வரல. அவன் தான் என் கிட்ட பொய் சொன்னான், நான் அவனுக்கு பொய்யா எதுவும் செய்ய மாட்டேன்.

என் கோவம் எப்ப எறங்கும்னு தெரியாது. அது வரைக்கும் அவன் யாரும் கேக்க ஆளில்லாம இருக்கக் கூடாது. அதனால இத்த படிக்கறவங்க நீங்க யாரா இருந்தாலும் சரி, கோயிலுக்குப் போறவங்களோ, தொழுவறவங்களோ, சர்ச்சுக்குப் போறவங்களோ, எங்கண்ணனுக்காக ஒரே ஒரு தடவ வேண்டிக்குங்க. பேரு தெரியலன்னா பரவால்ல, கியருன்னு சொல்லுங்க. எனக்குப் பதிலா நீங்க எல்லாரும் கேளுங்க.